எலியாவின் பெயரில் ஒரு தட்டு அவல்

தாணேயில் எங்கள் எதிர்வீட்டு மௌஷி (மராத்தியில் சித்தி) பெனே இஸ்ரேல் சமூகத்தவர், அதாவது மராத்தி பேசும் யூதர். 1879-இல் கட்டப்பட்ட ஷார் ஹஷாமாயிம் ஜெப ஆலயத்துக்கு என்னை முதலில் கூட்டிப்போனவர் அவர்தான். அப்புறம் அந்த ஆண்டு முழுக்க, வெளியாள் வரலாம் என்ற பண்டிகைக்கெல்லாம் போய்விட்டேன். வாசல் நிலையில் பதித்த சிறு பேழையைத் தொட்டு விரலை முத்தமிட்டு உள்ளே போவார்கள். பெண்கள் அமரும் இடம் தனி.

இவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் அலிபாகுக்கு அருகே நவ்காவ் கடலோரம் உடைந்ததாம். ஏழு ஆண்கள், ஏழு பெண்கள் மட்டும் கரையேறினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. ஏடுகள் கடலோடு போய்விட்டன. கொங்கண் கிராமங்களில் செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது என்பதால் ஊரார் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை எண்ணெய்க்காரர். ஏடில்லாமலே ஓய்வுநாளும் விருத்தசேதனமும் உணவுக் கட்டுப்பாடும் ‘இஸ்ரயேலே, கேள்’ என்ற ஷெமா ஜெபமும் தலைமுறைகள் தாண்டி நின்றன. வேண்டுதலும் நின்றது. குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த காசைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதுதான் சட்டென்று பிடிபட்டது.

மும்பையின் முதல் ஜெப ஆலயமே ஒரு வேண்டுதலில் எழுந்தது என்பார்கள். சாமுவேல் திவேகர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். இரண்டாம் மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டார். உயிரோடு ஊர் திரும்பினால் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டு, 1796-இல் மாண்ட்வியில் அதைக் கட்டி முடித்தார். ஊர்மக்கள் அதை ‘ஜூனி மஸ்ஜித்’, பழைய மசூதி, என்றார்களாம். மஸ்ஜித் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான் என்று மௌஷி அடித்துச் சொல்வார்.

புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு ஆலயத்தில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதினார்கள். வீட்டில் கோதுமைப்பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அல்வா கிண்டினோம், தோள்பட்டை கழன்றுவிட்டது. இறைச்சியோடு பால் சேர்க்கக்கூடாது என்பது அவர்கள் விதி. விருந்தில் கறி இருக்கும், அதனால்தான் பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால்.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு மட்டும் மௌஷி என்னைக் கூப்பிடவில்லை. வெள்ளை உடுத்தி, தண்ணீர்கூடத் தொடாமல், முந்தைய மாலையிலிருந்து மறுநாள் இருட்டும்வரை இருந்த விரதம். முன்பெல்லாம் வீட்டுக் கதவையே சாத்திக்கொண்டு வெளியார் யாரையும் பார்க்க மாட்டார்களாம். விரதத்துக்கு அடுத்த நாள் ஏழைகளுக்குக் கொடுப்பதும் உறவுகளைப் போய்ப் பார்ப்பதும் வழக்கம். எங்கள் வீட்டுக்கும் ஒரு டப்பா பலகாரம் வந்தது.

வேத வாசிப்பு முடியும் விழாவான சிம்ஹாத் தோராவில்தான் எனக்குக் கண் கலங்கியது. தோரா என்ற வேதச் சுருள்களைப் பேழையிலிருந்து எடுத்து, மார்போடு அணைத்து, ஆடிப் பாடி ஏழு சுற்று வருகிறார்கள். நம் ஊரில் உற்சவர் புறப்பாட்டுக்கு நிற்பதுபோல எல்லோரும் எட்டித் தொட்டு முத்தமிட்டார்கள். ஆண்டு முழுக்க வாரந்தோறும் வாசித்ததன் கடைசிப் பகுதியை முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுகிறார்கள். மூச்சுவிட இடைவெளி இல்லை.

ஹனுக்கா பண்டிகை விளக்கும் பூரிம் பண்டிகை இனிப்பும் வேகமாக வந்து போயின. பஸ்கா பண்டிகை வேறு ரகம். அந்தக் காலத்தில் அதற்காக வீட்டுக்குச் சுண்ணாம்படித்துச் செம்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார்களாம். இப்போது எவர்சில்வர் என்பதால் தேய்ப்பதோடு சரி. ஆனால் அந்தத் தேய்ப்பு ஒரு வாரம் நடந்தது. ஒயினுக்குப் பதில் கறுப்பு உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத். அதில் ஒரு கோப்பை எலியா தீர்க்கதரிசிக்கென்று தனியே.

எலியா இவர்கள் வீட்டு மனிதர் மாதிரி. அக்கினி ரதத்தில் அவர் வானேறும் படம் மௌஷி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. “உங்களுக்குத்தான் உருவ வழிபாடு கிடையாதே மௌஷி?” என்று கேட்டேன்.

“படத்தை யார் கும்பிட்டார்கள்? வேண்டுதல் மேலே இருப்பவனிடம். இவர் சேதி கொண்டுபோகிறவர்.”

எலியாவின் ரதம் இறங்கியதாக நம்பும் பாறை அலிபாக் பக்கம் சாகாவ் அருகே இருக்கிறது. யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 15, பௌர்ணமியை ஒட்டிய நாள், அங்கே போவது விசேஷம். பெரும்பாலும் நம் தைப்பூசத்தை ஒட்டியே வரும். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, அங்கிருந்து சாலை வழி. பாறையில் ரதச் சக்கரம் பதிந்த தடம், குதிரைக் குளம்பின் தடம் என்று காட்டுகிறார்கள். கண்ணால் பார்த்தால் பாறையில் பள்ளங்கள்தான். ஆனால் மௌஷி குனிந்து தொட்டதைப் பார்த்த பிறகு நானும் தொட்டேன்.

அங்கேதான் மலீதா என்ற வேண்டுதல் படையல். ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி. சுற்றிலும் பழங்கள், மேலே ரோஜா. ‘எலியாஹு ஹநாவி’ பாட்டைப் பாடி, மரத்துக் கனிக்கு ஓர் ஆசி, நிலத்து விளைச்சலுக்கு ஓர் ஆசி, மணத்துக்கு ஓர் ஆசி என்று தனித்தனியே சொன்னார்கள். வாழைப்பழத்தை நிலத்து விளைச்சலோடு சேர்த்தார்கள். வாழை மரமே அல்ல என்பது அவர்கள் கணக்கு, தாவரவியலும் அதையேதான் சொல்கிறது.

1948-க்குப் பிறகு பெனே இஸ்ரேல் மக்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மௌஷியின் மகளும் திமோனா நகரில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதற்குத்தான் அன்றைய மலீதா. தட்டை என்னிடம் நீட்டியபடி, “உனக்கு ஏதாவது வேண்டுதல் உண்டா?” என்றார்.

பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்றேன்.

“வேண்டிக்கொள். முடிந்ததும் நம் வீட்டிலேயே செய்துவிடலாம். கெட்டி அவலாகப் பார்த்து வாங்கு, மெல்லிசு குழைந்துபோகும்.”