ஏழு என்ற இலக்கம்

யூன் 2, திங்கள்

ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் இருப்பவர் ஓர் ஆண் என்று கருமபீடத்தில் இருந்த பிள்ளை சொன்னாள். 1969 ஏப்ரல் 23 இல் பிறந்த ஆண். பெயர் என்னுடையது, அங்கத்துவ இலக்கம் என்னுடையது, 13 வருடங்களாகச் சம்பளத்தில் வெட்டிய காசும் என்னுடையது, ஆனால் ஆள் நான் இல்லை. அவள் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, விரல் நுனியை ஓர் இலக்கத்தின் கீழே வைத்துக் காட்டினாள். என்னுடைய அடையாள அட்டை 69714 என்று தொடங்குகிறது. அவர்களிடம் 69114 என்று இருக்கிறது.

பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்களும் பிறந்த வருடம் என்பதும், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும், பெண் என்றால் அந்த நாளுடன் 500 ஐக் கூட்டி எழுதுவார்கள் என்பதும் எனக்கு இன்றுதான் தெரியும். 714 இல் 500 ஐக் கழித்தால் 214, அது ஓகஸ்ட் முதலாந் திகதி. 114 இல் கழிக்க ஒன்றும் இல்லை, ஆகவே அது ஏப்ரல் 23 இல் பிறந்த ஓர் ஆண். ஏழின் தலை தேய்ந்து ஒன்றாகிப் போனதில் என் பிறந்த நாளும் போயிற்று, நான் பெண் என்பதும் போயிற்று.

யூன் 3, செவ்வாய்

இன்று முழுவதும் பழைய கொப்பி ஒன்றில் ஏழு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூன் 5, வியாழன்

மீண்டும் போனேன். என்ன தேவை என்பதைப் பிள்ளை ஒரு துண்டில் எழுதித் தந்தாள்: திருத்தத்துக்கான விண்ணப்பம், அடையாள அட்டையின் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வேலை கொடுத்தவரின் உறுதிக் கடிதம், சமாதான நீதவான் முன்னால் முடித்த சத்தியக் கடதாசி. நிதியில் சேர்ந்தபோது தந்த பி அட்டை என்ற அங்கத்துவ அட்டை இருந்தால் நல்லது என்றாள். அது இல்லை என்றேன். எப்போது தொலைந்தது என்று கேட்டு, நான் 2009 என்றதும், அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் அந்த வரியைப் பேனாவால் வெட்டினாள்.

என்னிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் 1995 முதல் 2008 வரை வேலை செய்த கணக்கு ஒன்று, மீள்குடியேறிய பிறகு தையல் தொழிற்சாலையில் கடந்த வருடம் வரை வேலை செய்த கணக்கு மற்றது. இரண்டாவதில் நான் பெண், ஓகஸ்டில் பிறந்தவள், அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் ஒருவருடையது என்று சேர்க்க வேண்டுமானால் முதலில் அந்த ஆணை நானாக மாற்ற வேண்டும். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் சேமலாப நிதி எடுக்கலாம், இரண்டு வயதையும் நான் கடந்துவிட்டேன், ஆனால் வயது சரியாக இருந்து ஆள் சரியில்லாமல் இருக்கும்போது யாரும் கையெழுத்து வைக்க மாட்டார்கள். வைக்கவும் கூடாது. இன்னொருவருடைய காசை என்னிடம் தந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் இவ்வளவு கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் சம்பளத்தில் 100 ரூபாவுக்கு 8 ரூபா என் கையிலிருந்து போனது, 12 ரூபா சங்கம் போட்டது. இது நிவாரணம் அல்ல, எவரிடமும் கை நீட்டிக் கேட்பதும் அல்ல. நான் தராசில் அரிசி நிறுத்துச் சம்பாதித்த காசு.

எழும்பும்போது, எனக்குப் பிறகு காசு யாருக்கு என்று சொல்லும் பின்னுரித்தாளர் பகுதியையும் இதோடு மாற்றிவிடலாம், அதற்குப் புதிய படிவம் ஒன்று போதும் என்று பிள்ளை சொன்னாள். திரையில் என் கணவருடைய பெயர் இருந்தது. அது பிழையில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யூன் 7, சனி

அட்டையிலுள்ள 214 ஐச் சும்மா சரிபார்ப்போம் என்று கலண்டரை எடுத்து எண்ணினேன். தை 31, மாசி 28, பங்குனி 31, சித்திரை 30, வைகாசி 31, ஆனி 30, ஆடி 31. மொத்தம் 212. ஓகஸ்ட் முதலாந் திகதி 213 ஆவது நாள். மூன்று தரம் எண்ணினேன். 1969 நெட்டாண்டும் அல்ல. அப்படியானால் அடையாள அட்டை ஓகஸ்ட் 2 என்கிறது, பிறப்புச் சான்றிதழ் ஓகஸ்ட் 1 என்கிறது. ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொரு பிழையை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேனா? அந்த அட்டை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்தது. மறுபிரதி எடுத்தபோதும் அதே இலக்கம்தான். 40 வருடங்களாக நான் எல்லா இடத்திலும் எழுதிவந்த இலக்கம் பிழையென்றால், இனி எந்தப் பதிவை எந்தப் பதிவோடு ஒப்பிடுவது? நாளை ஞாயிறு, திங்கள் வற்றாப்பளை அம்மன் பொங்கல், செவ்வாய் போயா விடுமுறை. புதனுக்கு முன்னர் நிம்மதியாகக் கேட்க முடியாது.

யூன் 8, ஞாயிறு

கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றம் கூட்டினால் அடுத்த நிமிடமே சருகு. 213.

யூன் 9, திங்கள்

வற்றாப்பளையில் பொங்கல். மகளும் பேரனும் வவுனியாவிலிருந்து நேரே அங்கு வந்தார்கள். கடல்நீர் ஊற்றி எரிக்கும் அந்த விளக்கைக் கண்டதும் மனம் கொஞ்சம் ஆறியது. அம்மனிடம் வேறொன்றும் கேட்கவில்லை, என் பிறந்த நாளைத்தான் கேட்டேன்.

திரும்பும்போது மகள், "அம்மா, அப்பாவின் பெயர் இருக்கிற அந்தப் பகுதியையும் மாற்றிவிடுங்கோ, பிறகு கரைச்சல்" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பேரனுக்குத் தண்ணீர் வாங்கப் போனேன்.

யூன் 11, புதன்

பிரதேச செயலகத்தில் அடையாள அட்டைப் பகுதியிலுள்ள தம்பி என் கணக்கைக் கேட்டுவிட்டு, வைத்திருந்த பேனாவால் மாசி மாதத்தைச் சுற்றி வட்டமிட்டார். எந்த வருடமாக இருந்தாலும் அடையாள அட்டைக்கு மாசி 29 நாள் என்றுதான் கணக்காம். ஆகவே மாசிக்குப் பிறகு பிறந்த எல்லாருக்கும் சாதாரண வருடத்தில் ஒரு நாள் கூடித்தான் வரும். 214 சரி. ஓகஸ்ட் 1 சரி. "அம்மா, இதற்காகவா நித்திரை கொள்ளவில்லை?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் எழும்பிச் சென்று எனக்குத் தேநீர் எடுத்து வந்தார்.

நான்கு இரவுகள். இதை எங்கேயாவது எழுதி ஒட்டி வைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் பயப்படத் தேவையில்லை.

யூன் 12, வியாழன்

சங்கத்துக்குப் போனேன். இப்போதைய முகாமையாளர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பார். மரியாதையாகக் கதிரை தந்தார். 2009 க்கு முந்திய ஒரு தாளும் அலுவலகத்தில் இல்லை. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், அங்கிருந்து விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு என்று உழவு இயந்திரப் பெட்டியில் கணக்குப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனதை நானே பார்த்தவள், ஆகையால் அவரிடம் நான் என்ன கேட்பது? நான் வேலை செய்தேன் என்று அக்காலத்து உத்தியோகத்தர் ஒருவர் எழுத்தில் தந்தால், அதை வைத்துச் சங்கத்தின் கடிதத் தாளில் உறுதிக் கடிதம் தருவதாகச் சொன்னார். அப்போது எங்கள் சம்பளக் கணக்கு எழுதிய கிளாக்கர் ஐயா முள்ளியவளையில் இருக்கிறார் என்றும் அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

மாதம்தோறும் நிதிக்கு அனுப்பும் சி படிவத்தில் ஊழியர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கழித்த தொகையும் இருக்கும். போன மாதத்துத் தாளைப் பார்த்துத்தான் இந்த மாதத்துத் தாளை எழுதுவார்கள். 13 வருடங்கள் என்றால் 156 தாள்கள். முதல் தாளில் விழுந்த ஒன்று 156 தடவை ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிதியில் சேரக் கொடுத்த முதல் விண்ணப்பத்தை நான்தான் என் கையால் நிரப்பினேன். அதைத்தான் மறக்க முடியவில்லை.

யூன் 14, சனி

விதானையார் கையெழுத்து வைத்துத் தந்தார். சத்தியக் கடதாசியும் முடிந்தது.

யூன் 16, திங்கள்

விசுவமடுவிலிருந்து ஏழேகால் பஸ். வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாகத்தான் போகும். நான் பைக்குள் இருந்த உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்த சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முல்லைத்தீவில் இறங்கி முள்ளியவளைக்கு மாறினேன்.

கிளாக்கர் ஐயாவுக்கு 81 வயது. காது கேட்பது குறைவு, ஆனால் என்னைக் கண்டவுடன் பெயரைச் சொன்னார், அரிசிப் பகுதி என்றும் சொன்னார். விடயத்தைச் சத்தமாக இரண்டு முறை விளங்கப்படுத்தினேன். மகனிடம் கோட்டுக் கொப்பி வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, முழங்காலில் பலகை வைத்து, வரி பிசகாமல் எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். என் பெயர், சேர்ந்த திகதி, விலகிய திகதி எல்லாவற்றையும் நினைவிலிருந்தே எழுதினார். பிறகு என் அட்டையைப் பார்த்து இலக்கத்தை எழுதினார். ஆறு, ஒன்பது. மூன்றாவதாக, மேலே பயற்றம் மணி அளவுக்கு ஒரு சிறிய வளைவை வைத்துவிட்டு நேரே கீழே ஒரு கோட்டை இழுத்தார்.

அது ஒன்று. எவர் பார்த்தாலும் ஒன்று.

என்னுடைய கை இல்லை என்ற ஆறுதல் முதலில் வந்தது, அதற்காக உடனே வெட்கமும் வந்தது. அந்தக் கையால்தான் எங்கள் எல்லாருக்கும் சம்பளக் கணக்கு எழுதினார், ஒரு சதம் குறைந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை இப்படியே கொண்டுபோனால் மீண்டும் அந்த ஆண்தான் வருவார். "ஐயா, இலக்கத்தை எழுத்திலும் எழுதிவிடுங்கோ, இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள்" என்றேன். அது பொய். அம்மன் பொறுக்க வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு, அடைப்புக்குறி போட்டு, "அறுபத்தொன்பது, எழுநூற்றுப் பதினான்கு" என்று தொடங்கி முழுவதையும் அழகான எழுத்தில் எழுதினார். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

யூன் 19, வியாழன்

சங்கத்தின் கடிதம், கிளாக்கர் ஐயாவின் கடிதம், சத்தியக் கடதாசி, பிரதிகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். பிள்ளை கிளாக்கர் ஐயாவின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். இனிக் கொழும்புக்குப் போகும், அங்கே மத்திய வங்கியில் உள்ள கணக்கில் மாற்றுவார்கள். எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றாள். பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டில் திகதி போட்டு முத்திரை குத்தித் தந்தாள். நான் கேட்காமலே தந்தாள்.

யூன் 23, திங்கள்

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு அலுவலகமாம். வேலை கொடுத்தவர் தனியாகக் கட்டும் 3 வீதம் அது. அங்கேயும் ஏப்ரல் 23 இல் பிறந்த அந்த ஆண் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதை யாரும் முதலில் சொல்லவில்லை.

யூன் 30, திங்கள்

ஒன்றும் இல்லை.

யூலை 6, ஞாயிறு

மகள் புதிய பின்னுரித்தாளர் படிவத்தைத் தன்னுடைய பெயர் போட்டு நிரப்பி அனுப்பியிருக்கிறாள். நான் கையெழுத்து மட்டும் வைக்க வேண்டும். அவளுக்குப் பேராசை இல்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அந்தக் கணக்கில் என் இலக்கம் பிழை, என் பிறந்த திகதி பிழை, நான் பெண்ணா ஆணா என்பதும் பிழை. 30 வருடங்களாக ஓரெழுத்தும் பிழையில்லாமல் இருப்பது அவருடைய பெயர் மட்டும்தான். முதலெழுத்து, நீண்ட பெயர், அதன் கடைசியில் வரும் மெய்யெழுத்தின் புள்ளி வரைக்கும் சரி. இதை வெட்டச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்?

படிவம் பைக்குள்தான் இருக்கிறது.

யூலை 10, வியாழன்

போயா. கிளாக்கர் ஐயாவுக்குச் சுகமில்லை என்று மகன் தொலைபேசியில் சொன்னார். அவருக்குக் கேட்கும்படி தொலைபேசியை வைக்கச் சொல்லி, கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, எல்லாம் சரி என்று சத்தமாகச் சொன்னேன்.

யூலை 17, வியாழன்

பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். கொழும்பிலிருந்து பதில் வந்திருக்கிறது, திங்கட்கிழமை மூல அடையாள அட்டையுடன் வர வேண்டும் என்றாள். சரியா பிழையா என்று கேட்டேன். வாருங்கோ அம்மா, நேரில் பார்ப்போம் என்றாள். பிரதிகள் மூன்று எடுக்க வேண்டும். படிவத்தையும் அதே உறையில் வைத்திருக்கிறேன், இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.