2018 வரை இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்

2024 தீபாவளியன்று இரவு சென்னையில் விமானம் ஏறினேன். விடிகாலையில் கோலாலம்பூரை நெருங்கும்போது கீழே கண்ணுக்கு எட்டிய வரை செம்பனைத் தோட்டங்கள். செபாங் கார், பைக் பந்தயத் தளம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், எங்காவது தெரிகிறதா என்று ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்துத் தேடினேன். மேகம்தான் தெரிந்தது.

இந்தப் பயணத்துக்கு வயது பத்தொன்பது. 2005 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை மதியம். கோவையில் எங்கள் வீட்டு டிவி முன்னால் அண்ணனும் நானும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். செபாங்கில் நம் ஊர் நரேன் கார்த்திகேயன் மஞ்சள் நிற ஜோர்டான் காரில் ஓட்டுகிறார். ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் அவருக்கு அது இரண்டாவது பந்தயம்தான். வென்றவர் அலோன்சோ. கார்த்திகேயன் பதினொன்றாவதாக வந்தார். எங்களுக்கு அது போதும். "ஒரு தடவை செபாங் போயே ஆகணும்டா" என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னார்.

போகவில்லை. படிப்பு, வேலை, அண்ணன் கல்யாணம், அப்பாவின் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று வந்தது. செபாங்கில் ஃபார்முலா 1 நடத்த 2018 வரை ஒப்பந்தம் இருக்கிறது, அதற்குள் போய்விடலாம் என்று இருந்தோம். 2017 ஏப்ரலில் செய்தி வந்தது: ஒப்பந்தத்தை ஒரு வருடம் முன்னதாகவே முடித்துக்கொள்கிறார்கள், அந்த அக்டோபரில் நடப்பதே கடைசி. அண்ணன் அன்றிரவு போன் செய்து, வேறு எதையெதையோ பேசிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசிப் பந்தயத்தை ஆளுக்கொரு ஊரில் டிவியில் பார்த்தோம். இருபது வயது முடிந்த மறுநாள் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். 1999இல் தொடங்கி மொத்தம் 19 பந்தயங்கள், அதோடு சரி.

அதனால் இந்த முறை மோட்டோஜிபி. கார் இல்லையென்றால் பைக், தளம் அதேதானே? அண்ணனும் வருவதாகத்தான் இருந்தது. கடைசி வாரத்தில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் வந்தேன்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அறை எடுத்திருந்தேன். தீபாவளி விளக்குகளை இன்னும் இறக்கவில்லை, கடைவாசல்களில் கோலம் அப்படியே இருந்தது. சனிக்கிழமை காலை கிராப் வாடகை வண்டி ஓட்டி வந்தவர் தமிழர், ஐம்பதைத் தாண்டியவர். ஏறி உட்கார்ந்ததும் "பசியாறியாச்சா தம்பி?" என்றார். அங்கே காலைச் சாப்பாட்டை இப்படித்தான் கேட்கிறார்கள். பதிலுக்குக் காத்திராமல் முன்சீட்டிலிருந்து ஒரு முறுக்கு டப்பாவைப் பின்னால் நீட்டினார்.

செபாங்குக்குப் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"எஃப் ஒன் போனது வருத்தம்தான். ஆனா கடைசியில டிக்கெட் வாங்க ஆள் இல்லலா. 2008ல சிங்கப்பூர்ல ராத்திரிப் பந்தயம் ஆரம்பிச்சிட்டாங்க. ஊருக்கு நடுவுல, லைட்டு, பாட்டுக் கச்சேரி. வெளிநாட்டுக்காரன் எல்லாம் அங்க போயிட்டான்."

"மோட்டோஜிபி மட்டும் எப்படிண்ணே நிக்குது?"

கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஜன்னலுக்கு வெளியே காட்டினார். எங்கள் இடப்பக்கம் சின்ன பைக்குகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. ஸ்கூட்டர் மாதிரி முன்பக்கமாகவே கால் வைத்து ஏறும், ஆனால் கியர் உள்ள வண்டிகள். கப்சாய் என்கிறார்கள். "இங்க எல்லார் வீட்டுலயும் ஒரு மோட்டார் இருக்கு தம்பி. ஃபெராரி யார் வீட்டுல இருக்கு?"

அவர் சொன்னதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. நடத்தும் செலவு ஏறிக்கொண்டே போகிறது, வருமானம் இறங்குகிறது என்பதுதான் அரசாங்கம் சொன்ன காரணம், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் செலவை உள்ளூர் ரசிகர்கள் தாங்கிப் பிடிக்கும்போது தளம் பிழைத்துக்கொள்கிறது. ஹஃபீஸ் ஷாரின் என்ற மலேசியப் பையன் 2018இல் மோட்டோஜிபி வரைக்கும் ஏறினான். காரில் அப்படி எதுவும் தொடரவில்லை. மலேசியரான அலெக்ஸ் யூங் 2001, 2002இல் ஃபார்முலா 1இன் மினார்டி அணியில் கொஞ்ச காலம் ஓட்டியதோடு நின்றுவிட்டது.

சரி, தளத்துக்கு வருகிறேன். டிவியில் பார்த்தபோது செபாங்கின் மேடு பள்ளம் எனக்குப் புரிந்ததே இல்லை. கே1 என்ற பார்வையாளர் ஸ்டாண்டில் நின்று பார்க்கையில்தான் தெரிந்தது. நேர்கோட்டில் பாய்ந்து வரும் வண்டி முதல் வளைவில் வலப்பக்கம் சுருண்டுகொண்டே போகும். முடிந்தது என்று நினைக்கும்போது இன்னும் இறுகும். உடனே இரண்டாவது வளைவு, இடப்பக்கம், பள்ளத்துக்குள். சாய்ந்த வண்டியை நிமிர்த்தி, மறுபக்கம் சாய்த்து, சரிவில் இறக்க வேண்டும். முழங்கை தரையில் உரசுவது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. மொத்தம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஆனால் இந்த இரண்டு வளைவுகளுக்காக மட்டுமே நான் இன்னொரு தரம் வருவேன்.

மத்தியானம் பிரதான ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். இரண்டு நீண்ட நேர்கோடுகளுக்கு நடுவில், விரித்த குடைகளை வரிசையாக நட்ட மாதிரி கூரை. 2009இல் மாலை ஐந்து மணிக்கு ஃபார்முலா 1 பந்தயத்தை வைத்து, எதிர்பார்த்தபடியே மழை கொட்டி, பாதியில் நிறுத்தி, 56 சுற்றில் 31 சுற்றை மட்டும் கணக்கில் எடுத்து, பாதிப் புள்ளி கொடுத்தது இங்கேதான். 2012 மழையில், தளத்திலேயே மெதுவான கார்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, பந்தயம் நிறுத்தப்பட்ட நேரத்தில் நம் கார்த்திகேயன் பத்தாவது இடத்தில் இருந்தார். முழு மழை டயரோடு தொடங்கிய துணிச்சலுக்குக் கிடைத்த பலன். அண்ணன் அந்தத் திரையைப் போட்டோ எடுத்து இன்னும் வைத்திருக்கிறார்.

பதினொன்றாவது வளைவைத் தூரத்திலிருந்து பார்த்தேன். 2011 அக்டோபர் 23இல் மோட்டோஜிபி வீரர் மார்கோ சிமோன்செல்லி விபத்தில் இறந்த இடம். அப்போது அவருக்கு 24 வயது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரம் கூட்டத்தில் எல்லார் வாயிலும் வலென்சியாதான். அக்டோபர் 29ஆம் தேதி ஸ்பெயினில் வந்த வெள்ளத்தில் அந்த வட்டாரமே மூழ்கி, எத்தனையோ உயிர்கள் போயிருந்தன. அங்கே நடக்கவேண்டிய கடைசிப் பந்தயத்தை ரத்து செய்துவிட்டார்கள். பட்டம் யாருக்கு என்பது எந்த ஊரில் முடிவாகும் என்றே அப்போது யாருக்கும் தெரியாது. பார்சிலோனா என்பது பிறகுதான் உறுதியானது. ஒரு தளம் அட்டவணையிலிருந்து போவதற்கு இப்படியும் ஒரு காரணம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஞாயிறு பந்தயம் தொடங்கிய உடனேயே என் கண்ணெதிரே, இரண்டாவது வளைவில், மூன்று பேர் விழுந்தார்கள். ஜாக் மில்லர் தரையில் கிடந்தார். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஸ்டாண்டு முழுக்கச் சத்தம் அடங்கிப்போனது. அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த மலாய்க் குடும்பத்து அம்மா மடியிலிருந்த பையனின் காதை மூடியிருந்த கையை எடுத்தார்.

மறுபடி தொடங்கியது, 19 சுற்று. பட்டத்துக்குப் போட்டியிட்ட பன்யாயாவும் மார்ட்டினும் முதல் சில சுற்றுகளில் மாறி மாறி முந்தினார்கள். ஒருவர் முந்த, அடுத்த வளைவிலேயே மற்றவர் திருப்பி முந்த, நான் எழுந்து நின்றவன் உட்காரவே இல்லை. அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன்.

"எந்த வளைவுடா இது?"

"ஒண்ணு, ரெண்டு. தெரியுதாண்ணா?"

"படம் நின்னு நின்னு வருது. சத்தம் கேக்குதுடா."

பன்யாயா ஜெயித்தார், மார்ட்டின் பட்டப் போட்டியில் 24 புள்ளி முன்னிலையோடு கிளம்பினார். இதெல்லாம் அண்ணனுக்கு நான் அப்புறம் சொன்னது. பந்தயம் முடிந்து வண்டிகள் மெதுவாக ஒரு சுற்று வந்தன. கூட்டம் கம்பி வேலியை நோக்கி இறங்கியது. கை வலித்தது, போனைத் தாழ்த்தப்போனேன்.

"கீழே இறக்காதேடா, இன்னும் ஒரு வண்டி வருது பார்" என்றார் அண்ணன்.