சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம்

18 ஜூலை 2024, வியாழன்

கர்ப்பத்தின் எட்டாவது வாரம். முதல் பரிசோதனைக்குப் போனேன். எடை 84 கிலோ. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அதைச் சொன்னார்கள். "இந்த உடம்பை வச்சுக்கிட்டு அங்க இங்க அலையக் கூடாது, படுத்தே இரு" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே வீடு வந்து சேர்ந்தேன்.

25 ஜூலை

அம்மா விடவில்லை, வேறு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். இவர் உட்காரவைத்துப் பேசினார். உயரம் 158 சென்டிமீட்டர், அதனால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 33.6. உலகக் கணக்கில் 30-க்கு மேல் போனால் உடல் பருமன், நம் நாட்டவருக்கு 25-லேயே அந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறதாம். பிரசவம் வரை 5 முதல் 9 கிலோ கூடினால் போதும் என்றார்.

"எடையைக் குறைக்கச் சொல்லலைம்மா. இப்ப அது வேண்டாம். உடம்பை அசைக்கச் சொல்றேன்."

வாரத்துக்கு 150 நிமிடம், மிதமான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது. பழக்கமில்லாதவள் என்பதால் முதலில் பத்து நிமிடம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். ரத்தப்போக்கு, நீர் கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம்: இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு நேரே வரச் சொன்னார்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 118. 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று அர்த்தம். இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா நம் நாட்டில் பரப்பிய முறை. கூலி வேலைக்குப் போகிற பெண்ணை மறுநாள் பட்டினியோடு வா என்றால் வருவாளா? அதை யோசித்தவர் அவர். அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

12 ஆகஸ்ட்

மதுரை வண்டியூர் தெப்பக்குளம், காலை ஐந்தே முக்கால். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சைச் சமாளித்துவிடலாம், தொடை உரசல்தான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்தொடை இரண்டும் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. "நட" என்று சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. குண்டான பெண்கள் நான்காம் நாள் நடையை விட்டுவிடுவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

குளத்தங்கரையில் பூக்கட்டும் அக்காதான் வழி சொன்னார். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, முட்டி வரை வரும் பருத்திக் கால்சட்டையை உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளே எரிச்சல் அடங்கியது.

10 அக்டோபர்

இருபதாவது வாரம், ஸ்கேன். நஞ்சுக்கொடி கீழே இறங்காமல் மேலேயே இருக்கிறது, தாராளமாக நடக்கலாம் என்றார்கள். இறங்கியிருந்தால் பேச்சு வேறு.

அத்தைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "வாயும் வயிறுமா இருக்கிறவ இப்படி நடக்கலாமா தாயி" என்று தினமும் வாசலில் நின்று கேட்பார். இன்று ராத்திரிதான் காரணத்தைச் சொன்னார். என் கணவருக்கு முன்னால் ஒரு பிள்ளை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டதாம். முதல்நாள் அத்தை குழாயடியிலிருந்து நான்கு குடம் தண்ணீர் தூக்கியிருக்கிறார். அதனால்தான் போனது என்று ஊரே சொன்னதை நாற்பது வருடமாக மனதுக்குள் வைத்திருக்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் கூட்டிப்போகப் போகிறேன்.

31 அக்டோபர்

தீபாவளி. அதிரசம் ஒன்றே ஒன்று. மழை, அதனால் கூடத்திலேயே நடை.

7 நவம்பர்

மறுபடி குளுக்கோஸ் சோதனை. 152.

மருத்துவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். இவ்வளவு நடந்தும் ஏன் என்று கேட்டேன். நடக்கிறவர்களுக்குச் சர்க்கரை வருவதும், குழந்தை நான்கு கிலோவுக்கு மேல் போவதும் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, வரவே வராது என்று யாரும் சொல்லவில்லை என்றார். நடப்பதால் குறைமாதப் பிரசவம் கூடுவதில்லை என்பதையும் அத்தையைப் பார்த்துச் சொன்னார். அத்தை குடத்துக் கதையைத் தானாகவே அவரிடம் கேட்டார். "குடம் தூக்குனதால போச்சுன்னு சொல்லவே முடியாதும்மா, உங்க தப்பு இல்ல." அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். என் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், அதைக் கட்டுப்படுத்தும் என் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளை தன் இன்சுலினைத் தானே கூடுதலாகச் சுரக்கும், கொழுத்து வளரும், பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் சுரந்த இன்சுலின் உடனே அடங்காது. அப்போது பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். நடக்கும்போது என் கால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் பிள்ளைக்குப் போவது குறைகிறது.

நான்கு மாதமாக என் எடைக்காக நடப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

இனி மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம். தட்டில் பாதி காய், மீதியில் சோறும் பயறும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்சுலின்.

21 நவம்பர்

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 116. 120-க்குள் இருக்க வேண்டும், இருக்கிறது. நிலைப்படியிலிருந்து கிணற்றடி வரை 22 அடி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அத்தையே "எந்திரி தாயி" என்று கூடவே நடக்கிறார்.

1 டிசம்பர்

வளைகாப்பு. ஏழு வகைச் சாதம், எல்லாவற்றிலும் ஒரு வாய். வந்தவர்கள் ரெண்டு உசுருக்கும் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார்கள். அத்தை எழுந்து, "அவ கணக்கா சாப்பிடுறா, விடுங்க" என்றார். வளையல் குலுங்கக் குலுங்க மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நடந்தேன். உள்ளே பிள்ளை உதைத்துக்கொண்டே இருந்தது.

11 பிப்ரவரி 2025

தெப்பத் திருவிழா. குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை. நிறைமாதம், கால் வீங்கியிருக்கிறது, பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. முடிகிற அளவு போதும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். எடை 91.

20 பிப்ரவரி

நேற்று அதிகாலை பெண் குழந்தை. சுகப்பிரசவம், 3 கிலோ 150 கிராம்.

ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கவைத்தார்கள். அப்புறம் செவிலியர் குதிகாலில் ஊசியால் குத்தி, கடுகளவு ரத்தத்தை எடுத்தார். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத குதிகால். பிள்ளை வீறிட்டு அழுதது. சர்க்கரை 41. 45-க்காவது மேல் இருக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கிவிட்டது. செவிலியர் பதறவில்லை. சீம்பாலைப் பிழிந்து பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டினார், பிறகு மறுபடி மார்பில் போட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் குத்தினார்கள். 58. அதற்கடுத்து 63.

அவளைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகவில்லை, என் பக்கத்திலேயே கிடக்கிறாள். ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி 75 கிராம் குளுக்கோஸ். சாயங்காலம் வார்டு வராந்தாவில் ஒரு முறை போய்வந்தேன், அத்தை பிள்ளையை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.