காலநிலை மாடலை வைத்து மழை ப்ராஜெக்ட் செய்யப் போகிறீர்களா?

எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டரில் எனக்குக் கிடைத்த தலைப்பு, சிமிப்6 (CMIP6, உலகின் பல ஆய்வு மையங்கள் ஒரே விதிமுறையில் ஓட்டும் காலநிலை மாடல்களின் தொகுப்பு) மாடல்கள் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையை எந்த அளவுக்குச் சரியாகக் காட்டுகின்றன என்பது. வைவாவுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் எடுத்த எடுப்பிலேயே, "2005 அக்டோபர்ல சென்னையில கொட்டித் தீர்த்துச்சே, உங்க மாடல்ல அது வருதாம்மா?" என்றார். "இல்ல சார், மாடல் அதைக் கோட்டை விட்டுடுச்சு" என்றேன். மாட்டிக்கொண்டேன். குறிப்பிட்ட ஒரு நாளின் மழையை இந்த மாடல் காட்ட வேண்டியதே இல்லை, அதனால் அது கோட்டை விட்டதாகச் சொன்னதே தப்பு.

வரலாற்று ஓட்டத்தில், அதாவது கடந்த காலத்தை மாடலில் ஓட்டிப் பார்க்கும்போது, மாடலுக்கு நாம் கொடுப்பது பசுங்குடில் வாயுக்கள், எரிமலைத் தூசு, சூரிய ஆற்றல் போன்றவைதான், அன்றன்றைய வானிலையை அல்ல. எல் நினோ (பசிபிக் கடல் சில வருடங்களில் வழக்கத்தைவிடச் சூடாவது) கூட அதில் தன் போக்கில் வந்து போகும், நம் காலண்டரைப் பார்த்து வராது. அதனால் 30 வருடச் சராசரி, மாதவாரி ஏற்ற இறக்கம், கனமழை எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வருகிறது, இவற்றைத்தான் ஒப்பிடலாம். நானோ மாடல் மழையும் நிஜ மழையும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று வருடவாரியாகக் கோரிலேஷன் போட்டு நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. (2015 வெள்ளத்தைத் தேடுகிறவர்களுக்கு: சிமிப்6 வரலாற்று ஓட்டம் 2014-ஓடு முடிந்துவிடும்.)

முதலில் மாதவாரி வரைபடம் போடுங்கள். நமக்கு உச்சம் அக்டோபர், நவம்பரில் வர வேண்டும். ஆனால் மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும், அந்தக் கட்டம் 100 கிலோமீட்டர் அகலம் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை அதற்குள் தட்டையாகிவிடும், மழைமறைவும் (மலை மழையைத் தடுப்பதால் இந்தப் பக்கம் வறண்டிருப்பது) மங்கிப்போகும், ஜூன், ஜூலையில் நமக்கு இல்லாத மழை மாடலில் எட்டிப்பார்க்கலாம். அப்படிப்பட்ட மாடலில் வருட மொத்தம் சரியாக வந்தால் கூட நம்பாதீர்கள்.

அடுத்து தூறல் தொல்லை. நிறைய மாடல்களில் லேசான மழை அடிக்கடி பெய்யும், கனமழை குறைவாக இருக்கும். 2.5 மி.மீ.க்கு மேல் பெய்த நாட்களை எண்ணிப் பாருங்கள், அப்போது குட்டு வெளிப்படும்.

சில்லறைத் தவறுகள்தான் அதிக நேரம் தின்னும். மாடல் மழை சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை கிலோ என்று இருக்கும், 86400-ஆல் பெருக்கினால்தான் நாளுக்கு மி.மீ. சில மாடல்களில் மாதத்துக்கு 30 நாள்தான், வருடத்துக்கு 360. இந்திய வானிலைத் துறையின் மழைக் கணக்கில் ஒரு நாள் காலை 8.30-க்கு முடியும், மாடலின் நாளோடு அது ஒத்துப்போகாது. அதன் மழைத் தரவின் 0.25 டிகிரி கட்டங்களை மாடலின் கட்டத்துக்குப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள், மாடலைச் சிறிதாக்க வேண்டாம்.

அப்புறம், எல்லா மாடல்களின் தினசரி மழையையும் முதலிலேயே சராசரியாக்கினால் கனமழை கரைந்து காணாமல் போய்விடும். ஒவ்வொரு மாடலிலும் கனமழை நாட்களைத் தனித்தனியாக எண்ணி முடித்துவிட்டு, அந்த எண்ணிக்கைகளுக்குச் சராசரி எடுங்கள்.