சாப்பாட்டு மேஜையில் பியூட்டர்

நவம்பர் 9, ஞாயிறு

தக்கலைப் பக்கம் பழைய மரச்சாமான் விற்கும் அண்ணாச்சி காலையிலேயே போன் பண்ணிவிட்டார். "டீச்சர், மலையில ஒரு எஸ்டேட் பங்களா சாமானெல்லாம் வந்து கெடக்கு. உங்க ஈயத்தட்டும் உண்டு. பொறவு போச்சேன்னு சொல்லப்பிடாது." ஆராதனை முடிந்த கையோடு கிளம்பினேன்.

தேக்கு அலமாரிக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அகன்ற தட்டு இரண்டு, கைப்பிடி வைத்த பெரிய குவளை ஒன்று, மூக்கு நசுங்கிய டீபாட் ஒன்று. பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். நூறு வருஷத்துக்கு மேல் படிந்த அந்தச் சாம்பல் நிறத்தை பஃபிங் மெஷினில் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் போய்விடும். அதோடு தேய்ந்த முத்திரையும் போய்விடும்.

நம் மாவட்டத்தில் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஆள் இருக்கிறது. உருளி, கிண்டி, கோளாம்பி என்றால் கடைக்கு வருவதற்கு முன்பே விலை பேசிவிடுகிறார்கள். வெள்ளீயக் கலவையான பியூட்டரைச் சீந்துவாரில்லை. அலுமினியம் என்று நினைத்து ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டு உருக்குகிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு மனசு கேட்காது.

நவம்பர் 10, திங்கள்

பள்ளி விட்டு வந்ததும் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து குழிக்கு இறங்கும் வளைவில் வரிசை வரிசையாகச் சுத்தியல் தடம். வார்த்து எடுத்த தட்டை அந்த இடத்தில் தட்டித் தட்டி இறுக்கியிருக்கிறார்கள். நல்ல பட்டறையில் செய்தது என்பதற்கு அது ஒரு அடையாளம். மேல்பக்கம் முழுக்கக் கத்திக் கீறல். யாரோ தினமும் இதில் இறைச்சி வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள். கீறல் இல்லாத பழைய தட்டை விட எனக்கு இதுதான் பெரிது.

அடியில் ஒரு கிரீடமும் அதற்குக் கீழே எக்ஸ் எழுத்தும் இருக்கின்றன. உயர்ந்த ரக உலோகம் என்று சொல்லும் முத்திரை அது. பக்கத்தில் சின்னச் சின்னக் கேடயங்கள் நான்கு. வெள்ளி முத்திரை போலத் தெரியும். அதைப் பார்த்து வெள்ளி என்று வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு, கேடயத்தை வைத்து வருஷம் கண்டுபிடிக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. வெள்ளியில் இருப்பது போன்ற வருஷ எழுத்து முறை பியூட்டரில் கிடையாது. செய்தவரின் சொந்த முத்திரைதான் துப்பு. அந்தக் காலத்தில் லண்டனில் பியூட்டர் செய்கிறவர்களின் சங்க மண்டபத்தில் முத்திரைகளைத் தகட்டில் பதித்து வைத்தார்கள். 1666 பெருந்தீயில் அதுவரை இருந்த தகடுகள் அழிந்துபோயின. என் தட்டில் பெயர் பாதி தேய்ந்திருக்கிறது. பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

இன்றைக்கு முழுக்க எடை போடும் வேலை.

அலமாரியில் அடுக்கி வைக்க நான் வாங்கவில்லை. மேஜைக்கு வர வேண்டும். அதற்கு முன்னால், உடம்புக்கு விஷமான காரீயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பியூட்டர் என்றால் பெரும்பகுதி வெள்ளீயம். கெட்டிப்பட ஆன்டிமனியும் செம்பும் கொஞ்சம் சேர்ப்பார்கள். மலிவாக முடிக்க அந்தக் காலத்தில் காரீயத்தைக் கலந்தார்கள். 1348ஆம் வருஷத்து லண்டன் சட்டத்திலேயே தட்டுகளுக்கு வெள்ளீயமும் செம்பும், உருண்டைப் பாத்திரங்களுக்குக் காரீயக் கலப்பு என்று பிரித்திருக்கிறார்கள். ஆக ஒரே அலமாரியில் இருந்த தட்டையும் குவளையையும் ஒரே கணக்கில் பார்க்கக்கூடாது.

சமையலறை எடை மெஷினில் ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரை வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தேன். தட்டை நூலில் கட்டி, வாளியின் அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுக்க மூழ்கும்படி அத்தான் பிடித்துக்கொண்டார். மெஷினில் ஏறும் எண்தான் தட்டு விலக்கிய தண்ணீரின் எடை. தட்டு 588 கிராம், தண்ணீர் 80 கிராம். வகுத்தால் 7.35, தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். சுத்த வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. சரி, தட்டில் காரீயம் இருந்தாலும் மிகக் கொஞ்சம்தான். இரண்டாவது தட்டும் கிட்டத்தட்ட அதேதான்.

குவளை 520 கிராம், தண்ணீர் 66. 7.88 வருகிறது! ஐந்தில் ஒரு பங்கு காரீயம் இருந்தால்தான் இவ்வளவு வரும். குவளையின் அடி விளிம்பை வெள்ளைத் தாளில் இழுத்துப் பார்த்தேன், பென்சில் கோடு போல விழுந்தது. தட்டை இழுத்தால் கோடு விழவில்லை.

அந்தக் குவளையில் கழுத்துக்குக் கீழே கிரீடமும் வி.ஆர். எழுத்துகளும் குத்தியிருக்கிறார்கள். விக்டோரியா காலத்து அளவு அதிகாரியின் முத்திரை. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்தேன், தண்ணீர் மட்டும் 570 கிராம். 1826இல் வந்த புதிய பைன்ட் அளவு 568 மில்லி. கள்ள அளவு இல்லாத நேர்மையான குவளை. ஆனால் இனி யாரும் அதில் எதையும் குடிக்கப்போவதில்லை. கரண்டிகளை நிறுத்தி வைக்கலாம், பூ வைக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

டீபாட் வேறு சாதி. அடியில் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு என்று தெளிவாக இருக்கிறது, கூடவே ஈ.பி.பி.எம். என்ற நாலு எழுத்து. பிரிட்டானியா உலோகம் என்ற வெள்ளீயக் கலவையின் மேல் மின்சாரத்தில் வெள்ளி முலாம் ஏற்றியது என்று அர்த்தம். மின்முலாம் 1840க்குப் பிறகு வந்த வேலை, ஆக அதற்கு முந்தையது இல்லை. பிரிட்டானியா உலோகத்தில் காரீயம் சேர்ப்பதில்லை. வார்க்காமல், தகடாக உருட்டி வடித்திருப்பதால் மெல்லிசாக இருக்கிறது. முலாம் கைப்பிடிப் பக்கம் தேய்ந்து உள்ளே உள்ள சாம்பல் நிறம் தெரிகிறது.

நசுங்கிய மூக்கைச் சரிபண்ண வடசேரியில் பற்றவைக்கிறவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்க மாட்டேன். பித்தளைக்குப் பிடிக்கும் சூட்டில் இது உருகி விழுந்துவிடும்.

நவம்பர் 23, ஞாயிறு

சுசீந்திரத்தில் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா ஈயச்சொம்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். தட்டுகளின் போட்டோவைக் காட்டினேன். மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுவும் நம்ம சொம்போட ஜாதிதானே. வெறுமனே அடுப்புல வச்சுடாதேடி, ரசத்தை விட்டுட்டுத்தான் வைக்கணும்" என்றார். ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம்தான், அது 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு அந்தச் சூட்டுக்குப் போகாது. மாமிக்கு எண் தேவையில்லை, ஒரு சொம்பைக்கூட இதுவரை உருக்கியதில்லை.

கிளம்பும்போது எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது, சொன்னேன். ஈயச்சொம்பு புதிதாக வாங்குகிறவர்களும் இந்த வாளிச் சோதனையைச் செய்து பார்க்கலாம். புளியும் தக்காளியும் கொதிக்கிற பாத்திரம் அது. காரீயம் இருந்தால் புளிப்பில் இறங்கிவிடும்.

டிசம்பர் 3, புதன்

கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கு விடுமுறை. மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியப்பா தேர் பார்க்க வந்தவர், பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தந்தார். "மக்கா, நீதான் இதெல்லாம் வச்சு ஆளுவ." கையில் வாங்கியதும் தெரிந்தது. அடியில் செலங்கூர் பியூட்டர் என்று இருக்கிறது. 1885இல் யோங் கூன் என்ற சீனத் தொழிலாளி கோலாலம்பூருக்கு வந்து தொடங்கிய பட்டறை. முதலில் பூஜைக்கு ஊதுபத்தித் தாங்கியும் மெழுகுவர்த்தித் தண்டும் செய்தார்கள். 1992இல் பெயர் ராயல் செலங்கூர் ஆனது, ஆக இது அதற்கு முந்தையது. காரீயம் கலக்காதது. எந்தக் கவலையும் இல்லாமல் சாப்பாடு போடலாம். பெரியப்பாவுக்கே அதில் முதலில் அப்பம் வைத்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்துமஸ் மேஜைக்குக் கணக்குப் போட்டாயிற்று. பழைய தட்டுகளில் வாழையிலை நறுக்குப் போட்டு அச்சப்பமும் முந்திரிக்கொத்தும். உலர்ந்த பலகாரம் மட்டும். நாரத்தங்காய் ஊறுகாயும் மீன்புளிக்கறியும் பீங்கானில்தான். செலங்கூர் தட்டில் கேக். மட்டிப்பழத்தை மேஜை நடுவே சீப்போடு வைக்க வேண்டும், சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் எடுப்பாக இருக்கும்.

வேலைக்கு உதவும் அக்காவிடம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பருத்தித் துணி. அவ்வளவு போதும்.

டிசம்பர் 27, சனி

எல்லாம் கழுவித் துடைத்தாயிற்று. உப்பு பட்ட தட்டை ராத்திரி வைத்திருக்கக்கூடாது என்பதால் அன்றைக்கே கழுவிவிட்டோம். உப்பு தங்கினால் கரும்புள்ளி குழியாக இறங்கும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. கடற்காற்றும் அதையே செய்யும். முட்டத்தில் இருக்கும் மயினி வீட்டுக்கு ஒரு தட்டைக் கேட்டார்கள். ஒரே கை செய்த ஜோடி, பிரித்தால் பிறகு சேராது. "மயினி, விருந்துக்கு வேணும்னா ரெண்டையும் கொண்டுட்டுப் போங்க, முடிஞ்சதும் ரெண்டையும் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்குக் கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதாகச் சொன்னேன்.