யார்க்கின் ஷாம்பிள்ஸ் தெருவும் நம் வைசியாள் வீதியும்

கி.பி. 71-இல் ரோமானியப் படையினர் அமைத்த கோட்டையிலிருந்து வளர்ந்த, இங்கிலாந்தின் யார்க் நகரத்தில், என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது புகழ்பெற்ற பேராலயம் அல்ல. ஷாம்பிள்ஸ் என்னும் பழைய கசாப்புக் கடைத் தெருதான். மரச்சட்டங்களால் எழுப்பிய அவ்வீடுகளின் மேல்தளங்கள் தெருவை நோக்கி முன்னே நீண்டு, எதிரெதிர் வீட்டார் கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும் அளவுக்குச் சில இடங்களில் நெருங்குகின்றன. கடை முகப்பில் பரப்பிய இறைச்சியின்மேல் வெயில் விழாதபடி அந்த நீட்டம் காத்தது. இறைச்சியை மாட்டிய கொக்கிகளையும் பரப்பிய அகலமான பலகைகளையும் இன்றும் காணலாம்.

புதுச்சேரி வைசியாள் வீதியில் வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு மிக நெருக்கமாகப்பட்டது. நம் தமிழர் வீடுகளிலும் திண்ணைக்கு முன்னே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம் தெருவோரம்வரை நீண்டு, வீட்டாருக்கு மட்டுமன்றி வழிப்போக்கருக்கும் நிழல் தருகிறது. காலநிலை, கட்டுமானம், தொழில் எல்லாம் வேறு. தெருவில் நடப்பவரையும் கணக்கில் கொண்டு வீடு கட்டிய மனம் ஒன்றே என நினைக்கிறேன்.

யார்க்கின் பழமை தானாகத் தப்பிப் பிழைத்ததன்று. ஏறத்தாழ 3.4 கி.மீ. நீளமுள்ள மதிலை இடித்துவிட 1800-இல் நகராட்சியே முனைந்தது; பராமரிப்புச் செலவும் போக்குவரத்து நெரிசலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவ்வூரில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி உள்ளிட்டோர் விடாமல் எதிர்த்ததால் மதிலின் பெரும்பகுதி நின்றது. ஆனால் நான்கு பெருவாயில்களில் மூன்றின் முன்காப்பு அரண்கள் போய்விட்டன. வால்ம்கேட் வாயிலில் மட்டுமே அது எஞ்சியுள்ளது. இங்கிலாந்தில் வேறெந்த நகரவாயிலிலும் அப்படியொன்று இல்லை என்பதை அறிந்தபோது, இடிக்கப்பட்ட மூன்றுக்காக மனம் மிகவும் வருந்தியது.

நம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்ற பழைய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகரமன்றம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே வடிவில் பின்னர் எழுப்பிவிட்டோம். எனினும் பழைய சுவர் பழைய சுவர்தான். வைசியாள் வீதியிலோ, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்து, வீடுகள் விழுவதற்கு முன்பே முகப்புகளைச் சீரமைத்தனர். அப்பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அதே உதவி மற்றத் தமிழர் வீதிகளுக்கும், குறிப்பாக ஓடு மாற்றவும் தூண் செப்பனிடவும் வசதியில்லாத குடும்பங்களுக்கும், திண்ணையை இடித்துக் கடை வைக்கும் நிலைக்கு அவர்கள் தள்ளப்படுவதற்கு முன்பே கிடைக்க வேண்டும்.