தீவிர சிகிச்சைப் பிரிவில் காசநோய்

நிமோனியா என்று கருதிச் சிகிச்சை தொடங்கி, வென்டிலேட்டரில் சில நாட்கள் கழிந்தும் காய்ச்சல் தணியாமல் எக்ஸ்ரேயில் நிழல் கூடிக்கொண்டே போனால், காசநோயை அப்போதே தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லிவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும் என்பதால், நிமோனியாவுக்காக அதைக் கொடுத்திருந்தால் நோயாளி தேறுவது போலத் தெரியும். அந்தச் சில நாட்களில் நோய் முற்றிவிடும்.

நுண்ணோக்கியில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகள் இருக்க வேண்டும். எனவே 'கிருமி இல்லை' என்ற முடிவை மட்டும் நம்பிக் காசநோயை ஒதுக்கிவிடக் கூடாது. செயற்கைச் சுவாசக் குழாய் வழியே உறிஞ்சிய சளியை கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் கருவியில் வைத்தால், கிருமி உண்டா என்பதும் முக்கிய காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தெரியும். எச்ஐவி உள்ளவர்களுக்குச் கிருமியின் உறைப்பொருளைச் சிறுநீரில் தேடும் எல்ஏஎம் சோதனையும் கைகொடுக்கும். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர வாரங்கள் ஆகும். சந்தேகம் வலுவாக இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

மருந்து கொடுத்தாயிற்று என்பதாலேயே அது இரத்தத்தைச் சேர்ந்துவிட்டதாகப் பொருளல்ல. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியே செலுத்தும்போது, அதே குழாயில் உணவு இடைவிடாது போய்க்கொண்டிருந்தாலோ, இரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி (ஷாக்) நிலையில் குடல் சரியாக இயங்காவிட்டாலோ, ரிஃபாம்பிசினும் மற்றொரு முக்கிய மருந்தான ஐசோனியசிடும் போதிய அளவு உறிஞ்சப்படுவதில்லை. ரிஃபாம்பிசினால் சிறுநீர் சேகரிக்கும் பை ஆரஞ்சு நிறமானதும் செவிலியர் நிம்மதியோடு சொல்வதுண்டு; அந்த நிறம் மருந்து கொஞ்சமாவது உள்ளே போயிருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, போதிய அளவு போயிருக்கிறது என்று காட்டாது. உணவை நிறுத்தி இடைவெளி விட்டு மருந்து கொடுப்பதும், கிடைக்கும் இடங்களில் ரிஃபாம்பிசினை இரத்தக் குழாய் வழியே ஏற்றுவதும், முடிந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பதும் அவசியம்.

ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால் மயக்க மருந்தான மிடசோலாம், ஸ்டெராய்டு போன்றவை விரைவில் சிதைந்துவிடும். மயக்க மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். உடலின் சொந்த ஸ்டெராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஏற்கெனவே பழுதடைந்தவருக்கு இரத்த அழுத்தம் திடீரெனச் சரியவும் கூடும். காசநோய் மூளை உறையைத் தாக்கியிருந்தால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டெராய்டைச் சேர்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

காசநோய் மருந்துகள் கல்லீரலையும் பாதிக்கலாம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியான ஏஎல்டி இரத்தத்தில் இயல்பின் மேல்வரம்பைப் போல ஐந்து மடங்கைத் தாண்டினால் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு மூன்றையும் நிறுத்துகிறோம். உயிருக்குப் போராடுபவரை மருந்தே இல்லாமல் விட முடியாது என்பதால், அதுவரை மற்றொரு காசநோய் மருந்தான எத்தாம்புட்டாலுடன் லிவோஃபிளாக்சசினையும், சிறுநீரகம் தாங்குமானால் அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் கொடுத்து, கல்லீரல் தேறிய பின் நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குகிறோம்.